சோற்றுக்கு அடைத்த பாதை

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின் மீது மலை சரிந்து, லயங்களும் அவற்றில் வாழ்ந்த எம்மக்களும் மண்ணுள் மறைந்த செய்தியை ஊவா மாகாணத்தில் அறியாதார் இலர். செய்தி நமுனுகுல மலைச்சாரலை எட்டியதும் எமது சங்கத்து இளைஞர் வீடுவீடாகச் சென்று அரிசி, பருப்பு, போர்வை, குழந்தைகட்குப் பால்மா ஆகியவற்றைச் சேர்த்து லொறியேற்றினர். நாம் அங்குச் சென்று சேர்ந்தபோது எமக்கு முன்னரே பல லொறிகள் வந்து நின்றன. விகாரையினர் வந்தனர், பள்ளிவாசலார் வந்தனர், தேவாலயத்தார் வந்தனர். பழந்துணி மூட்டைகள் வேண்டியதற்கு மேல் குவிந்துவிட்டன என்று எம்மவரே முணுமுணுக்கும் அளவுக்கு உதவி பெருகியது.

அக்கூட்டத்திலே எமது சங்கத்தின் மூத்த அங்கத்தவர் ஒருவர் மட்டும் பேச்சின்றி நின்றார். அவருடைய தங்கை குடும்பம் 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கிளிநொச்சிக்குக் குடிபெயர்ந்தது. “கேக்காமலே இவ்வளவும் வந்து சேந்திருச்சு தம்பி. அங்க கெஞ்சிக் கேட்டும் போய்ச் சேரலையே” என்றார். ‘அங்க’ என்று அவர் கூறியது வன்னியை. அதுவும் 2008, 2009ஆம் ஆண்டுகளின் வன்னியை என்பது அருகில் நின்ற எமக்கு விளங்கிற்று. மலை அடைத்த பாதையை மண்வெட்டி கொண்டு திறந்துவிடலாம். மனிதன் அடைத்த பாதையை எதைக் கொண்டு திறப்பது? எம் மனத்தை அன்று தொடக்கம் அரித்துவந்த இவ்வினாவுக்கு வரலாற்றிலே விடை தேடியதன் பயனாய் எழுந்தது இக்கட்டுரை.

ஊரை வளைத்து உணவை மறித்தல் நேற்றுத் தோன்றிய தந்திரமன்று. பழந்தமிழர் மதிலை வளைப்பதற்கு உழிஞை என்றும், உள்ளிருந்து காப்பதற்கு நொச்சி என்றும் திணைகளே வகுத்திருந்தனர். பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்ட காலத்தில், பறவைகள் வெளியே பறந்துசென்று நெற்கதிர் கொணர்ந்து உள்ளிருந்தோர் பசியைத் தணித்தன என்னும் செய்தி அகநானூற்றிலே குறிக்கப்படுகின்றது. அது கபிலர் செய்த ஏற்பாடு என்பர். பள்ளியில் இதனைக் கேட்டபோது புலவர் கற்பனை என்று எண்ணி நகைத்தோம். இப்போது நகைப்பு வருவதில்லை. பகைவனிடம் அனுமதி கேட்க வேண்டாத தூதுவர் பறவையைத் தவிர வேறு எவரும் இலர் என்பதை அக்காலத்தவரே அறிந்திருந்தனர் போலும்!

இன்னொரு முற்றுகையும் நம் இலக்கியத்தில் உண்டு. நலங்கிள்ளி ஆவூரை வளைத்திருக்க, நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டான். உள்ளே குழவிகள் பாலின்றி அழுதன. கோவூர்கிழார் என்னும் புலவர் முகத்துக்கு நேரே அவனை இடித்துரைத்தார்; ஒன்று வாயிலைத் திறந்துவிடு, அன்றேல் வெளியே சென்று பொருது முடி, மக்களைப் பசியில் இருத்தி மதிலுக்குப் பின்னே ஒளிந்திருப்பது நாணத் தக்கது என்பது அவர் சொன்னதன் சாரம். குறைகூறப்பட்டவன் வளைத்தவன் அல்லன், உள்ளே இருந்தவன் என்பதை இளைஞர் மனத்திற்கொள்க. பின்னர் வருவதற்கு இது வேண்டும்.

எமது ஊவா மண்ணும் இதனைக் கண்டதே. எம் முன்னோர் கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் இம்மலை ஏறுமுன்னரே, 1817 செப்டெம்பரில் ஆங்கில உத்தியோகத்தர் வில்சன் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து ஊவா, வெல்லஸ்ஸப் பகுதிகளில் கிளர்ச்சி மூண்டது. அதனை அடக்கத் தேசாதிபதி பிரவுண்றிக்கின் படைகள் கையாண்ட முறை, ஊர்களை எரித்தல், நெற்களஞ்சியங்களை அழித்தல், மாடுகளைக் கொல்லுதல் என்பனவாயிருந்தது. 1818 நவம்பரில் கெப்பெட்டிபொல சிரச்சேதம் செய்யப்பட்டபோது கிளர்ச்சி முடிந்தது. அந்நாளில் அச்சிங்களக் குடியானவருக்கு ஒரு மூட்டை நெல் கொண்டு செல்ல உலகில் எந்தச் சங்கமும் இருக்கவில்லை.

அத்தகைய சங்கம் தோன்ற மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. 1859 யூன் 24இல் இத்தாலியின் சொல்ஃபெரினோவில் நடந்த பெரும் போரின் பின்னே, கவனிப்பாரற்றுக் கிடந்த காயக்காரரைக் கண்ட ஹென்றி டுனான்ட் என்னும் சுவிஸ் வணிகர், ஊர்ப் பெண்களைக் கூட்டி எந்தப் பக்கத்தவர் என்று பாராது நீரும் மருந்தும் கொடுத்தார். அவர் எழுதிய சிறு நூலின் விளைவாக 1863இல் செஞ்சிலுவைச் சங்கமும், 1864இல் முதலாவது ஜெனீவா உடன்படிக்கையும் பிறந்தன. ஆனால் அவை போர்வீரனைக் கருதியவை. போரில் அகப்பட்ட பொதுமக்களுக்கென ஒரு முழு உடன்படிக்கை 1949 ஓகஸ்ட் 12ஆந் திகதிதான் எழுதப்பட்டது. நான்காவது ஜெனீவா உடன்படிக்கை எனப்படுவது அது. இலங்கை இவ்வுடன்படிக்கைகளை 1959இல் ஏற்றுக்கொண்டது.

அதன் 23ஆம் உறுப்புரையைப் பொறுமையாக வாசித்தால் நோயின் மூலம் தெரியும். பொதுமக்களுக்கான மருந்துக்கு வழிவிட வேண்டும் என்கிறது. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், பிரசவித்த தாய்மார் ஆகியோரின் இன்றியமையாத உணவுக்கும் உடைக்கும் வழிவிட வேண்டும் என்கிறது. நல்லது. ஆயின் அப்பொருள் வேறு கைக்குப் போய்விடும் என்றோ, அதனால் பகைவனின் போர்முயற்சிக்கு ஆதாயம் உண்டாகும் என்றோ அஞ்சத் தக்க காரணம் இருப்பின் வழிவிட வேண்டியதில்லை என்றும் அதே உறுப்புரை கூறுகிறது. அஞ்சத் தக்க காரணம் உண்டோ இல்லையோ என்று தீர்மானிப்பவன் யார்? வழியை அடைத்து நிற்பவனே! அன்றியும் இது நாட்டுக்கு நாடு நடக்கும் போருக்குரியது. ஒரே நாட்டுக்குள் மூளும் போருக்கு, பக்கஞ்சாராத அமைப்பொன்று தன் சேவையை வழங்க முன்வரலாம் என்ற ஒரு வாசகத்தையே 1949இல் எழுதினர். வரலாம், உள்ளே விடுவதும் விடாததும் வீட்டுக்காரன் பாடு. பட்டினியைப் போர்க்கருவியாக்கலாகாது என்று உள்நாட்டுப் போருக்கும் சேர்த்து விதித்த 1977ஆம் ஆண்டு மேலதிக உடன்படிக்கையில் இலங்கை சேரவில்லை.

சட்டத்தில் இவ்வாறு ஓட்டை இருந்தால் என்ன நடக்கும் என்பதை உலகம் முதலில் பயாஃப்ராவில் பெரிதாகக் கண்டது. 1967 முதல் 1970 வரை நைஜீரியாவிலிருந்து பிரிந்து நின்ற அப்பகுதியை அரசாங்கம் முற்றுகையிட்டது, குழந்தைகள் எலும்பாயின. இராக்காலத்தில் ஊலி என்ற இடத்து ஒடுங்கிய ஓடுபாதையில் உணவு விமானங்கள் இறங்கின. 1969 யூன் 5இல் செஞ்சிலுவை விமானமொன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. பறம்பின் பறவைகள் கூட அத்துணை ஆபத்துக்கு உள்ளாகியிரா.

இனி, எம் தோட்டத்து மக்கள் இக்கதையுள் எவ்வாறு புகுந்தனர் என்பதைக் கூறுதல் வேண்டும். ஏனெனில் வன்னிப் போர் வடக்கத்தியாரின் துன்பம் என்று எண்ணும் இளைஞர் எம்மிடையே இன்றும் உளர்.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட மலையக மக்களை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974இல் வேறாகப் பேசினர். ஆட்டு மந்தையைப் பிரிப்பதுபோற் பிரித்தனர் என்று முதியோர் கூறுவது மிகையன்று. அதே 1974ஐ ஒட்டிய காலம் பஞ்ச காலம். பங்கீட்டு அரிசி குறைந்தது, மா கிடையாது, பாணுக்கு விடியுமுன்னரே வரிசை. வீதியின் குறுக்கே தடி போட்டு, பயணிகளின் பைகளைக் கிளறி, அளவுக்கு மேல் அரிசி கொண்டு செல்வோரைப் பிடித்தனர். தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. அது போர்க்காலமும் அன்று. ஒரு மாவட்டத்தில் விளைந்த அரிசி பக்கத்து மாவட்டத்துப் பசிக்குச் செல்ல வழி இல்லாதிருந்தது என்பதை நினைவூட்டவே இதனைக் குறித்தோம்.

1977 ஓகஸ்ட் கலவரத்தின் பின்னும், 1983 யூலையில் பதுளை நகரத்திலும் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்த பின்னும், ‘இனித் தோட்டத்திலும் பயமே’ என்று எண்ணிய குடும்பங்கள் வடக்கு நோக்கிச் சென்றன. வைத்தியர் இராஜசுந்தரமும் கட்டடக்கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தீயம் என்னும் இயக்கம் வவுனியாப் பகுதியில் அவர்களைக் குடியேற்றியது. அந்த இராஜசுந்தரம் 1983 யூலை 27இல் வெலிக்கடைச் சிறையிலே கொல்லப்பட்டார். கிளிநொச்சியைச் சூழ்ந்த பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம், ஜெயபுரம் முதலிய ஊர்களுக்குச் சென்றால் எமது பேச்சும் எமது காமன்கூத்தும் எமது சாமிகளும் அங்கே இருக்கக் காணலாம். காடு வெட்டினர், கிணறு வெட்டினர், பிறர் வயலிற் கூலிக்கு உழைத்தனர். காணிக்கு உறுதி இல்லை. பலருக்குப் பிரசாவுரிமைப் பத்திரமும் இல்லை. போர் வந்தபோது இடாப்பில் பெயர் இல்லாதோராய், ஒதுங்குவதற்குச் சொந்தக் கிராமம் வேறின்றி நின்றோர் இவர்களே.

1987ஐ இங்கே நினைக்காதிருக்க முடியாது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் முதலியன மறிக்கப்பட்டன. மே 26இல் வடமராட்சியில் பெரும் படையெடுப்புத் தொடங்கியது. யூன் 3இல் இராமேஸ்வரத்திலிருந்து பத்தொன்பது மீன்பிடிப் படகுகள் அரிசி, காய்கறி, மருந்து, மண்ணெண்ணெய் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு புறப்பட்டன. நடுக்கடலில் இலங்கைக் கடற்படை அவற்றை மறித்துத் திருப்பியது. மறுநாள், யூன் 4இல், இந்தியப் போர்விமானங்கள் காவல்வர ஐந்து சரக்கு விமானங்கள் பறந்து, இருபது தொன்னுக்கு மேற்பட்ட பொருளைக் குடாநாட்டின்மேற் போட்டுச் சென்றன. ‘பூமாலை’ என்று அதற்குப் பெயர். ஆறு, ஏழு இலட்சம் மக்கள் வாழ்ந்த நிலத்துக்கு இருபது தொன் என்றால் தலைக்கு ஒரு சிறங்கை அரிசிக்கும் போதாது. எனினும் மூன்று வாரத்துள் அரசாங்கத்தின் சம்மதத்துடனேயே நிவாரணக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. யூலை 29இல் இந்திய இலங்கை ஒப்பந்தமும் எழுதப்பட்டது. உணவு மூட்டை அரசியல் தூதாகவும் ஆகும் என்பதை அன்று கண்டோம். அப்படி ஆகும்போது பசித்தவன் அம்மூட்டைக்குச் சாட்டாகி விடுகிறான் என்பது எமது கருத்து.

1990 யூனில் போர் மீண்டபோது புதியதொரு வழக்கம் நிலைபெற்றது. உலகப் போர் வரலாற்றில் இத்தகையது அரிது. விடுதலைப் புலிகளின் ஆட்சியிலிருந்த பகுதிகளுக்குக் கொழும்பு அரசாங்கமே பங்கீட்டு உணவை அனுப்பிவந்தது. அரசாங்க அதிபர் கச்சேரியில் இருந்தார். ஆசிரியருக்கும் வைத்தியருக்கும் கொழும்பிலிருந்து சம்பளம் சென்றது. அதே அரசாங்கம் கொண்டுசெல்லலாகாத பொருட்களுக்கு நீண்டதொரு பட்டியலும் வைத்திருந்தது. பற்றரி, பெற்றோல், சீமெந்து, பசளை எனத் தொடங்கிய அப்பட்டியல் வெவ்வேறு காலங்களில் மெழுகுதிரி, சவர்க்காரம் வரைக்கும் நீண்டது. யாழ்ப்பாணத்தார் ஜாம் போத்தலில் சிறிது எண்ணெயூற்றித் திரியிட்டு விளக்கெரித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். தரைவழி அடைபட்டதால் கிளாலிக் கடனீரேரியை இராவிலே படகிற் கடந்தனர். அவ்வழியிலே உயிரிழந்தோர் பலர். 1989இல் இந்நாட்டுக்கு வந்திருந்த சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம், 1990 இறுதியில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வலயம் அமைக்க இருதரப்பையும் இணங்கச் செய்தது. ஒரு கொடி, ஒரு எல்லைக்கோடு, இருபக்கத்தின் வாக்கு. அவ்வளவே அவர்களிடமிருந்த ஆயுதம்.

2002இல் போர்நிறுத்தம் வந்து கண்டி யாழ்ப்பாண வீதி திறந்தபோது பதுளையிலிருந்தும் எம்மவர் கிளிநொச்சிக்குச் சென்று உறவினரைக் கண்டு மீண்டனர். கையிலே தேயிலைப் பொட்டலம், திரும்பும்போது பனங்கட்டியும் கருவாடும். அவ்வாறான காலம் நான்கு ஆண்டுகளே நீடித்தது. 2006 ஓகஸ்ட் 11இல் முகமாலையிற் போர் வெடிக்க, வீதி மீண்டும் மூடப்பட்டது. அதற்கு ஒரு வாரம் முன்னர், ஓகஸ்ட் 4இல், மூதூரில் பிரெஞ்சு நிவாரண அமைப்பொன்றின் பணியாளர் பதினேழு பேர் தம் அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். கிணறும் கழிவறையும் அமைத்துக் கொடுத்த இளைஞர் அவர்கள். இன்றுவரை அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

வன்னிக்குச் செல்லும் லொறிகட்கு ஓமந்தை ஒரே வாயிலாயிற்று. கொழும்பிலே பாதுகாப்பு அமைச்சின் அனுமதி, பொருள்வாரியான பட்டியல், சாரதியின் அடையாளம், பின்னர் சாவடியிலே மூட்டைகளை இறக்கிச் சோதனை, மீண்டும் ஏற்றுதல். இவற்றுள் ஒன்றிற் பிழைத்தாலும் அன்றைய பயணம் இல்லை. இருதரப்புச் சாவடிகட்கும் நடுவே செஞ்சிலுவைச் சங்கத்தார் நின்றால் வாயில் திறக்கும்; வெடிச்சத்தம் கேட்டு அவர்கள் விலகினால் மூடிக்கொள்ளும். 2008 செப்டெம்பரில் அரசாங்கம், இனிப் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தரவியலாது என்று கூறி, நிவாரண அமைப்புகளை வன்னியைவிட்டு வெளியேறப் பணித்தது. கிளிநொச்சியில் ஐக்கிய நாடுகள் அலுவலகத்தின் வாயிலிலே மக்கள் கூடி, ‘எங்களைத் தனியே விட்டுப் போகாதீர்கள்’ என்று மன்றாடினர். அம்மாதம் 16ஆந் திகதி அலுவலர் வெளியேறினர். செஞ்சிலுவைச் சங்கமும் கத்தோலிக்க கரித்தாஸ் அமைப்பும் தங்கின.

அதன் பின்னர் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை ஐ.நா.வின் உணவு லொறித் தொடர்கள் பதினொன்று உட்சென்றன. பதினோராவது தொடருடன் 2009 ஜனவரியிற் சென்றவர் சிலர் போரில் அகப்பட்டு உடனே திரும்ப முடியாமற்போயினர். மோதல் தவிர்ப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட சுதந்திரபுரத்தில், உணவு பங்கிடும் இடத்தையடுத்தே ஷெல் விழுந்ததை அவர்கள் கண்டனர். அதற்கப்பால் தரைவழியாக ஒரு லொறியும் செல்லவில்லை.

அரசாங்கத்தின் வாதத்தையும் கூறுதல் நேர்மை. செல்லும் உணவில் ஒரு பங்கைப் புலிகள் எடுக்கின்றனர், சீமெந்து பதுங்குகுழியாகிறது, பற்றரி கண்ணிவெடியாகிறது என்றனர். இவ்வாதம் முழுப்பொய் அன்று. புலிகள் அதனினும் கொடியது ஒன்று செய்தனர். மக்களை வெளியேற விடாது பாஸ் முறையால் தடுத்தனர். பிள்ளைகளைப் பலவந்தமாகப் போருக்கு இழுத்தனர். தப்பியோட முயன்றோரைச் சுட்டனர். கோவூர்கிழார் நெடுங்கிள்ளியை இடித்துரைத்தது இங்கே நினைவுக்கு வருகிறதன்றோ? வெளியிலிருந்து ஒரு பூட்டு, உள்ளிருந்து ஒரு பூட்டு. ஆனால் உள்ளிருந்தவன் பூட்டினான் என்பதால் வெளியிலிருப்பவன் பாற்குழந்தைக்கு மருந்தை மறுக்கலாமென்று ஆகாது. மயக்கமருந்து எந்தப் பதுங்குகுழியைக் கட்டும்? அம்மருந்தின்றி எஞ்சியிருந்த அரசாங்க வைத்தியர்கள் கை கால்களை அகற்ற நேர்ந்தது.

எல்லாவற்றிலும் எம்மை அதிகம் உறுத்துவது எண்ணிக்கை பற்றிய கதை. எத்தனை வாய்கள் என்பதைக் கொண்டே எத்தனை மூட்டை என்பது முடிவாகும். 2009 பெப்ரவரியில் வன்னியிற் சிக்கியோர் சுமார் எழுபதாயிரம் என்று கொழும்பு கூறியது. ஐ.நா.வின் கணிப்பு இரண்டரை இலட்சம். அங்கேயே எஞ்சியிருந்த அரசாங்க உத்தியோகத்தர் மூன்று இலட்சத்துக்கு மேல் என்று எழுதினர். அது ஆதாரமற்றது எனத் தள்ளப்பட்டது. போர் முடிந்து முகாம்களில் எண்ணியபோது 2,80,000 பேருக்குக் குறையாமல் இருந்தனர். நான்கு பேர் இருந்த இடத்தில் ஒருவரே இருப்பதாகக் கணக்கிட்டால் நால்வருக்கு ஒருவர் சோறு. உணவையும் மருந்தையும் குறைப்பதற்கு இந்த எண் உதவிற்று என்பது 2011இல் வெளிவந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை கண்ட முடிவு. அரசாங்கம் அவ்வறிக்கையை ஏற்கவில்லை. 1948இல் இடாப்பிலிருந்து வெட்டப்பட்ட எம்மக்களுக்கு இத்தந்திரம் புதியதன்று. ஒருவனைப் பட்டினி போடுவதற்கு முன்னர் அவனை எண்ணாது விடுவர். அதற்குத் துப்பாக்கி வேண்டாம், பேனா போதும்.

கடல்வழி ஒன்று எஞ்சியது. 2009 பெப்ரவரி 10 முதல் செஞ்சிலுவைச் சங்கம் ‘கிறீன் ஓஷன்’ என்னும் கப்பலில் காயக்காரரையும் நோயாளரையும் ஏற்றிச் சென்றது. கரையிலே துறைமுகம் கிடையாது. புதுமாத்தளன் கடலோரத்திலிருந்து சிறு மீன்பிடி வள்ளங்களில் அவர்களைக் கிடத்தி, அலையைக் கடந்து, கப்பலருகே கொண்டுபோய்த் தூக்கியேற்றினர். வரும்போது கப்பல் சிறிதளவு உணவு கொணர்ந்தது. மே 9 வரை இவ்வாறு வெளிக்கொணரப்பட்டோர், துணைக்குச் சென்றோர் உட்பட, 13,000க்கு மேல். அச்சங்கத்தின் உள்ளூர்ப் பணியாளரும் ஷெல்லுக்கு இரையாயினர். மே 9இன் பின் கப்பலாலும் கரையை நெருங்க முடியவில்லை. கரையில் எஞ்சியோருக்கு அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த கஞ்சியே உணவாயிற்று. பாலும் தேங்காயும் அதில் இல்லை. இன்று ஒவ்வொரு மே மாதமும் தமிழூர்களிற் காய்ச்சிக் கொடுக்கப்படும் முள்ளிவாய்க்கால் கஞ்சியின் வரலாறு இதுவே. எமது மலைச்சாரலிலும் சிலர் அதனைக் காய்ச்சுகின்றனர். அடுப்பு மூட்டத் தயங்குவோரும் உளர். அத்தயக்கத்தை நாம் பழிக்கவில்லை. 1983ஐக் கண்ட பதுளைக்கு அத்தயக்கம் இயல்பே.

மே 18இல் எல்லாம் முடிந்தது. இறந்தோர் தொகை நாற்பதாயிரம் வரை இருக்கக்கூடும் என்று மேற்கூறிய நிபுணர் குழு கருதியது, அரசாங்கம் மறுத்தது, பெயர் பெயராய் எண்ணிய கணக்கு இன்றுமில்லை. ஐ.நா. 2012 நவம்பரில் வெளியிட்ட உள்ளாய்வு, தன் அலுவலரே கண்டதை உரக்கச் சொல்லவில்லை என்று தன்மீதே குற்றங்கண்டது. அனுமதி மறுக்கப்படுமோ என்று அஞ்சி, எண்ணிக்கையையும் பழியையும் வெளியிடத் தயங்கினர். உள்ளே செல்ல வேண்டுமானால் வாய்மூட வேண்டும். வாய்திறந்தால் வாயில் மூடும். இதற்கு எளிய விடை உண்டென்று நாம் பாசாங்கு செய்யமாட்டோம். ஆயினும் உட்செல்லவும் இயலாது, உரைக்கவும் துணியாது நின்றதே வன்னியில் நடந்தது.

பின்னர் 2018 மே மாதத்தில் பாதுகாப்புச் சபை, பட்டினியைப் போர்முறையாக்குவதைக் கண்டித்து 2417ஆம் இலக்கத் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. 2024 ஓகஸ்டில் சூடானின் சம்சம் முகாமிலும், 2025 ஓகஸ்டில் காசாவிலும் பஞ்சம் நிலவுவதாக உணவு நிபுணர் அறிவித்தனர். இரண்டிடத்திலும் எல்லைக்கப்பால் உணவு இருந்தது. எகிப்துப் பக்கத்தில் வரிசையாய் நின்ற லொறிகளின் படத்தைப் பத்திரிகையில் கண்ட எமது மூத்த அங்கத்தவர், “ஓமந்தை” என்று ஒரு சொல் மட்டும் சொன்னார்.

அவர் 2008 ஐப்பசியில் தங்கைக்கு ஒரு மூட்டை கட்டி அனுப்பியிருந்தார். பால்மா, காய்ச்சல் மாத்திரை, இரண்டு கிலோ தேயிலை, பிள்ளைகட்கு இரண்டு சட்டை. வவுனியாவரை சென்ற அம்மூட்டை அங்கேயோர் பண்டகசாலையிற் கிடந்து, மாதங்கள் கழித்துத் தெரிந்தவர் ஒருவர் கையில் திரும்பி வந்தது. மாத்திரைகளைக் காணவில்லை. தேயிலை பூஞ்சணம் பிடித்திருந்தது.

2009 யூனில் வவுனியாப் பக்கத்து முகாமொன்றில் தங்கை இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவர் பதுளையிலிருந்து பஸ் ஏறினார். வாயிலிலே இடாப்பைப் பார்த்தவர்கள் அப்பெயருக்கு அங்கே எவரும் இல்லை என்றனர். அன்றிரவு தெரிந்தவர் வீட்டுத் திண்ணையிற் படுத்து, மறுநாளும் சென்றார், இல்லை என்றனர். மூன்றாம் நாள் வேறொருவர் இடாப்பைப் புரட்டிப் பார்த்துப் பெயரைக் கண்டுபிடித்தார். தகப்பன் பெயரின் முதலெழுத்தை மாற்றி எழுதியிருந்தார்களாம். சற்று நேரத்தில் முட்கம்பிக்கு அப்பால் தங்கை வந்து நின்றாள். கையிலே தேயிலைப் பொட்டலம் இருந்ததே ஒழிய, கம்பியினூடாக அதைக் கொடுக்கலாமா கூடாதா என்பது அவருக்குத் தெரியவில்லை.